பாய்ப்படகின் ஒழுகும் ஜன்னல்

வயதான பாய்மரப் படகுக்குள் தண்ணீர் வருகிறதென்றால், அது பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்து வருவதில்லை. அறையின் பக்கச் சுவரில் இருக்கும் ஜன்னல் ஓரமாகத்தான் வருகிறது. 1970களிலும் 80களிலும் ஃபைபரில் வார்த்த படகுகள் உலகத் துறைமுகங்களில் இன்றும் ஏராளமாக மிதக்கின்றன. அவற்றின் உடல் 40, 50 ஆண்டுகளைத் தாண்டியும் திடமாக இருக்கிறது. ஜன்னலைப் பிடித்திருக்கும் ரப்பருக்கும் பசைக்கும் அந்த ஆயுள் கிடையாது. படகின் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது அவற்றைக் கழற்றிப் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். இந்த வேலையைத் தள்ளிப்போட்டு, வெளிப்புறமாகக் கொஞ்சம் சிலிக்கானைத் தடவிவைப்பதுதான் உலகெங்கும் உள்ள படகுக்காரர்களின் பழக்கம். அந்தத் தடவல்தான் பின்னால் வரும் பெரிய செலவுக்கு முதல் தவணை.

சென்னைக்குப் பாய்ப்படகு புதிதல்ல. துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைக்காரர். ஆனால் இங்கே பெயர் வாங்கித் தந்தவை ஒருவரோ இருவரோ ஓட்டும் சிறிய பந்தயப் படகுகள். அவற்றில் அறையும் இல்லை, ஜன்னலும் இல்லை. நம் கட்டுமரத்தைப் போலத்தான். ஜன்னல் என்பது உள்ளே படுத்துத் தூங்கி, சமைத்துச் சாப்பிட்டு, நாள்கணக்கில் கடலில் இருக்கும் படகுகளின் பிரச்சினை. இந்தியாவில் அப்படிப்பட்டவை குறைவு. கோவாவில் கட்டப்பட்டு 2009இல் கடற்படையில் சேர்ந்த மாதேய், 2017இல் சேர்ந்த தாரிணி ஆகிய 56 அடிப் படகுகள் அவற்றில் புகழ்பெற்றவை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே 29 அன்று உலகைச் சுற்றித் திரும்பியது தாரிணியில்தான்.

இந்தியாவில் கட்டிய பாய்ப்படகுகளில் எல்லாவற்றிலும் மூத்த புகழ் சுஹைலிக்கு உரியது. 1964இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி முடித்த இந்த 32 அடிப் படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து கிளம்பினார். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, 312 நாளில், 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். தென்கடலில் ஓர் இரவு பெரிய அலை அந்தப் படகைப் பக்கவாட்டில் சாய்த்தது. நிமிர்ந்த பிறகு அவர் பார்த்தபோது அறையின் விளிம்பைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது. அங்கிருந்து தண்ணீர் சொட்டியது. அடிப்பலகையில் கோளாறு இல்லை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அறைதான் அலையின் முழு அடியையும் வாங்கியது. அந்த அறையிலும் மிக மெலிந்த இடம் ஜன்னல். அமைதியான துறைமுகத்தில் ஒழுகும் ஜன்னல் மெத்தையை நனைக்கும், பூஞ்சை பிடிக்கவைக்கும். நடுக்கடலில் உடையும் ஜன்னல் படகையே நிரப்பிவிடும்.

பழைய படகுகளில் பொதுவாக மூன்று வகை ஜன்னல்கள் காணப்படும். முதலாவது, இரண்டு அலுமினிய ஃபிரேம்களுக்கு நடுவே கண்ணாடித் தகட்டை வைத்து, உள்ளிருந்து ஸ்க்ரூ போட்டுச் சுவரை இறுக்கிப் பிடிக்கும் வகை. இரண்டாவது, பேருந்தின் முன் கண்ணாடிபோல ரப்பர் வார் கொண்டு செருகியது. மூன்றாவது, ஃபிரேமே இல்லாமல் வெளிப்புறத்திலிருந்து தகட்டை ஒட்டியோ போல்ட் போட்டோ வைப்பது. கண்ணாடி என்று சொன்னாலும் பெரும்பாலானவை அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் தகடுகள். பித்தளையில் வட்டமாகத் திறந்து மூடும் சிறு ஜன்னல்கள் தனி ரகம். அவற்றுக்கு ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

ஒழுகலுக்குக் காரணம் பசை பழசானது மட்டுமல்ல. வெயிலில் எந்தப் பொருளும் நீளும். எல்லாம் ஒரே அளவில் நீள்வதில்லை என்பதில்தான் சிக்கல். சென்னை வெயிலில் நிற்கும் படகை எடுத்துக்கொள்ளலாம். கறுப்புச் சாயமேற்றிய அக்ரிலிக் தகடு விடிகாலையில் 25 டிகிரியில் இருந்தால், நண்பகலில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 60 செ.மீ. நீளமுள்ள தகடு இந்த 35 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள அலுமினிய ஃபிரேம் அரை மில்லிமீட்டர்தான் நீளும். மிச்சமுள்ள ஒரு மில்லிமீட்டர் இரு முனைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரிகிறது. ஒவ்வொரு நாளும் தகட்டின் ஒவ்வொரு முனையும் அரை மில்லிமீட்டர் போய்வருகிறது.

கேட்பதற்கு அற்பமான அளவு. ஆனால் இடையில் இருக்கும் பசையின் கனத்தோடு வைத்துப் பார்த்தால் கதை வேறு. ஸ்க்ரூவை முழு மூச்சாக முடுக்கிப் பசையை வெளியே பிதுக்கிவிட்டால் உள்ளே மிஞ்சுவது 0.2 மில்லிமீட்டர் படலம். அது தன் கனத்தைப் போல் இரண்டரை மடங்கு தினமும் இழுபட வேண்டும். எந்தப் பசையும் இதைப் பல நாள் தாங்காது. ஓர் ஓரத்தில் பிரிந்துகொள்ளும். அதே இடத்தில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பசை இருந்தால், இழுபட வேண்டியது அதன் கனத்தில் ஆறில் ஒரு பங்குதான். தரமான சிலிக்கானுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஜன்னல் வேலையின் சாரம் எந்தப் பசை என்பதில் பாதி, அதை எவ்வளவு கனமாக விட்டுவைப்பது என்பதில் பாதி. முதல் பாதியைப் பற்றியே எல்லாரும் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டு வீட்டில் உடைந்த ஓடு ஓரிடம், சொட்டும் இடம் வேறிடம் என்பதுபோலத்தான் இதுவும். படகின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் தண்ணீர் நெடுந்தூரம் ஓடும். ஜன்னலுக்குக் கீழே சொட்டுகிறது என்பதால் ஜன்னல்தான் குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது. மேலே கைப்பிடிக் கட்டையின் போல்ட் வழியாக வந்த தண்ணீராகவும் இருக்கலாம். உள் ஓரங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டு, வெளியே ஒருவர் ரப்பர் குழாயால் தண்ணீர் விட வேண்டும். கீழ் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனைந்து, எது எதுவென்று தெரியாமல் போகும். பவுடரில் முதல் கோடு விழும் இடமே வாசல். இன்னொரு வழி, எல்லாக் கதவையும் மூடி, சிறிய ஊதுகுழல் இயந்திரத்தால் அறைக்குள் காற்றை அழுத்திவிட்டு, வெளி ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுவது. குமிழி வரும் இடத்தில் ஓட்டை.

கழற்றுவதில் பொறுமை வேண்டும். எஸ்.எஸ். ஸ்க்ரூவும் அலுமினிய ஃபிரேமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூளாகி, ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும். துருநீக்கி எண்ணெயை முதல் நாள் இரவே விட்டுவைத்து, மறுநாள் ஸ்க்ரூவின் தலையில் லேசாகச் சுத்தியால் தட்டிய பிறகு திருப்பினால் பல ஸ்க்ரூகள் வந்துவிடும். வராதவற்றின் தலையைத் துளைத்தெடுப்பதே மேல். நெம்புகோல் போட்டால் ஃபிரேம் வளையும். பழைய மாடலுக்கு வேறு ஃபிரேம் எங்கேயும் கிடைக்காது. பசைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய பட்டித் தகட்டை நுழைத்து, ஹீட் கன்னால் மிதமாகச் சூடுகாட்டி, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து வர வேண்டும். ஒட்டிய ஜன்னலாக இருந்தால் மெல்லிய எஃகுக் கம்பியை இருவர் இருபுறமும் பிடித்து ரம்பம்போல் இழுப்பார்கள். கழன்று வந்த பழைய தகடு உடைந்திருந்தாலும் அதை எறிந்துவிடக் கூடாது. புதியதற்கு அதுதான் அச்சு.

அடுத்து வருவது பலரும் பார்க்க விரும்பாத இடம். படகின் அறைச் சுவரும் கூரையும் பெரும்பாலும் ஒற்றை ஃபைபர் அல்ல. இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா என்னும் மென்மரமோ ப்ளைவுட்டோ வைத்திருப்பார்கள். ஜன்னலுக்காக வெட்டிய இடத்தில் அந்த மரம் திறந்து கிடக்கும். பத்து வருடம் ஒழுகியிருந்தால் அது ஊறி, கறுத்து, கையால் பிய்க்க வருமளவுக்கு மக்கியிருக்கும். சுத்தியின் கைப்பிடியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். மக்கியதைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, கெட்டிப்படுத்திய எபாக்ஸியால் அடைக்க வேண்டும். மரம் நல்ல நிலையில் இருந்தாலும் ஓரத்தில் ஒரு செ.மீ. ஆழத்துக்காவது தோண்டி எபாக்ஸி நிரப்புவது நல்லது. பிறகு எப்போதாவது பசை பிரிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. இதைச் செய்யாமல் புது ஜன்னல் போடுவது வீண் செலவு.

புதிய தகட்டுக்கு அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்ற கேள்வி எழும். பாலிகார்பனேட் சுத்தியால் அடித்தாலும் உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும், மேற்பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். அக்ரிலிக் அந்த அளவு அடிதாங்காது; ஆனால் கனமாகப் போட்டால் போதிய வலிமை உண்டு, வெயிலைப் பல ஆண்டு பொறுக்கும், கீறல் விழுந்தாலும் தேய்த்து மெருகேற்றலாம். வெப்பநாட்டுப் படகுக்கு அக்ரிலிக்கே பொருத்தம். அதிலும் வார்த்தெடுத்த தகடு என்று கேட்டு வாங்க வேண்டும். உருட்டி நீட்டிய மலிவு ரகத்தில் சீக்கிரம் நுண்விரிசல் விழும். எந்த அளவு ஜன்னலுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 12216 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பழைய தகட்டை விட மெல்லியதைப் போடக் கூடாது என்பது அதைப் படிக்காதவர்களுக்கான எளிய விதி.

அக்ரிலிக்கை வெட்டும்போது மேலே ஒட்டியிருக்கும் காப்புத் தாளை உரிக்கக் கூடாது. பொடிப்பல் பிளேடு போட்ட ஜிக்சாவை மெதுவாக ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் சூட்டில் உருகி வெட்டிய இடமே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். மூலைகள் வளைவாக இருக்க வேண்டும், ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும். கூரிய மூலையிலும் பிசிறிலும்தான் விரிசல் பிறக்கும். போல்ட் போடும் துளை போல்ட்டை விடப் பெரியதாக இருக்கட்டும். தகடு நீளவும் சுருங்கவும் அந்த இடைவெளி வேண்டும். பழைய படகுகளின் ஜன்னலில் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் நட்சத்திரம்போல் விரிசல் பரவியிருந்தால், இறுக்கமான துளைதான் அதற்குக் காரணம். அசிட்டோன், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகிய எதையும் அக்ரிலிக்மேல் காட்டக் கூடாது. சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

இனி பசை. நாட்டுப் படகுகளில் பலகை இடுக்கைப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் கொண்டு கலப்பற்று அடைத்த காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. மரம் ஊறி உப்பி மிச்ச இடைவெளியைத் தானே மூடிக்கொண்டது. பிளாஸ்டிக்கும் உலோகமும் அப்படி உப்பாது. பாலிசல்ஃபைடு என்ற பசை மரத்துக்கும் உலோகத்துக்கும் அருமையானது. அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் அது அரித்துக் கெடுக்கும். பாலியூரிதேன் பசைகள் ஃபைபரில் அசுரப்பிடி பிடிக்கும். ஆனால் பிளாஸ்டிக் ஜன்னலோடு அவை நேரடியாக ஒட்டாது, வெயில் பட்டால் ஒட்டிய இடம் கெடும். சிக்காஃப்ளெக்ஸ் 295 யூ.வி. போன்ற சில வகைகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கும் கம்பெனி சொல்லும் பிரைமரைக் கட்டாயம் பூச வேண்டும், ஒட்டிய விளிம்பில் வெயில் படாமல் கறுப்புப் பட்டையால் மறைக்க வேண்டும்.

ஃபிரேம் இல்லாமல் ஒட்டும் ஜன்னலுக்கு இன்று பலரும் நாடுவது கட்டுமானச் சிலிக்கான். டவ் 795 இந்த ரகம். கண்ணாடி முகப்புள்ள அலுவலகக் கட்டடங்களில் கண்ணாடியைப் பிடித்திருப்பது இவ்வகைச் சிலிக்கான்தான். தெருமுனைக் கடையில் கிடைக்கும் மலிவு சிலிக்கான் வேறு. காயும்போது வினிகர் வாடை அடித்தால் அதில் அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது என்று பொருள். அது அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சிலிக்கானுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. ஒருமுறை தடவிய இடத்தில் அதன் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கிவிடும். பிறகு அங்கே பெயின்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. பழைய படகில் முன்னவர் தடவிய சிலிக்கானைச் சுரண்டி, அதற்குரிய கரைப்பான் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து நீக்குவதற்குள் புது ஜன்னலையே போட்டுவிடலாம். ஆனால் அந்த வேலையைத் தாண்டிப் போக வழியில்லை.

இரண்டு ஃபிரேம் இறுக்கிப் பிடிக்கும் வகைக்கு ஒட்டும் பசையே தேவையில்லை. பியூட்டைல் டேப் போதும். சூயிங்கம் மாதிரி இழுபடும் இந்த டேப் காய்ந்து இறுகாது. பல ஆண்டு கழித்துக் கழற்றினாலும் சுலபமாக வரும். சுற்றிலும் ஒட்டி, ஸ்க்ரூவை எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் முடுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி கொஞ்சம் முடுக்க வேண்டும். பிதுங்கி வந்ததை வெட்டிவிடலாம். வெயிலில் இளகுவதால் முதல் சில வாரங்கள் இன்னும் கொஞ்சம் பிதுங்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

ஒட்டும் வகைக்கு வேலை வேறு மாதிரி. முதலில் பசையில்லாமல் தகட்டை வைத்துப் பொருத்தம் பார்த்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு ரப்பர் துண்டுகளை ஆங்காங்கே வைத்தால் பசை பிதுங்கி மெலியாது. பசையை விட்டுவிட்டுத் தடவாமல் ஒரே மூச்சாக, இடைவெளியில்லாத வடமாக வைத்துத் தகட்டை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்த வேண்டும். பிதுங்கியதை ஈரம் காயுமுன் விரலால் வழித்து, டேப்பை உடனே உரித்துவிட வேண்டும். வளைந்த சுவரில் தட்டையான தகடு எழும்பப் பார்க்கும்; பசை இறுகும்வரை குறுக்குக் கட்டைகளால் முட்டுக்கொடுப்பது அவசியம்.

இந்தப் பசைகள் காற்றின் ஈரத்தால்தான் இறுகுகின்றன. அந்த வகையில் சென்னைக் காற்று நல்ல துணை. ஆனால் மேற்பரப்பு ஈரமாக இருக்கக் கூடாது. ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறுகும் என்பதால், மேலே தொட்டுப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இறுக ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். உச்சி வெயிலில் ஒட்டுவதும் தவறு. அப்போது தகடு முழுதாக நீண்டிருக்கும். இரவில் சுருங்கும்போது இறுகாத பசையை இழுத்துவிடும். காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் மிதமான சூட்டில் ஒட்டுவது உத்தமம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுவதால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையே இந்த வேலைக்குரிய காலம்.

தூரக்கடல் போகும் படகுக்கு ஜன்னலை மாற்றினால் மட்டும் போதாது. ப்ளைவுட்டிலோ கனமான பாலிகார்பனேட்டிலோ ஒவ்வொரு பெரிய ஜன்னலுக்கும் ஒரு புயல் மூடியை முன்கூட்டியே வெட்டி, துளையிட்டு, போல்ட்டோடு வைத்திருப்பார்கள். சுஹைலியின் சாயலில் கோவாவில் கட்டிய துரியா என்ற படகில் 2018இல், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்துக்குப் போன அபிலாஷ் டோமி, தென் இந்தியப் பெருங்கடலில் படகு புரண்டு பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பு காயத்தோடு மீட்கப்பட்டார். 2022இல் அதே பந்தயத்துக்கு அவர் மறுபடி போனது ரஸ்ட்லர் 36 ரகத்துப் பழைய ஃபைபர் படகில். 1988க்கு முந்தைய வடிவமைப்பாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. அங்குலம் அங்குலமாகப் பழுதுபார்த்த பழைய படகு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது சாட்சி: 2023 ஏப்ரல் 29 அன்று அவர் இரண்டாமவராக வந்து சேர்ந்தார்.

படகே இல்லாதவர்களுக்கும் இதில் கொஞ்சம் பயன் உண்டு. சென்னை ஆழ்வார்பேட்டையிலிருந்து கடல் சில கிலோமீட்டர் தொலைவுதான். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் வடக்கும் கிழக்கும் பார்த்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் ஒழுகும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான்: ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே பூசிய மெல்லிய சிலிக்கான் வெயிலில் இழுபட்டுப் பிரிகிறது, அதன்மேலேயே அடுத்த ஆண்டும் ஒரு பூச்சு விழுகிறது. பழையதை முழுதாகச் சுரண்டி எடுத்து, உலரவிட்டு, நியூட்ரல் சிலிக்கானைக் கனமாகப் போட்டால்தான் அது நிற்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தடத்தில், வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். தடத்தில் தேங்கும் மழைநீர் வெளியேற வைத்த வடிகால் அவை. ஒழுகலை நிறுத்துவதாக நினைத்துப் பலர் முதலில் அடைப்பது அவற்றைத்தான். அடைத்ததும் தண்ணீர் தடத்தில் நிரம்பி வீட்டுக்குள் வழியும். உங்கள் ஜன்னலிலும் யாராவது அப்படி அடைத்திருந்தால், அக்டோபருக்கு முன் அதைக் குத்தித் திறந்துவிடுங்கள்.